வார்த்தவன் பெயர்

பழம்பொருளுக்கு விலை உண்டு. அதனைப் படைத்தவனுக்குப் பெயர் இல்லை. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே வைத்து நோக்குவோர் நம்மிற் சிலரே. மேனாட்டுக் காட்சிச் சாலைகளில் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் சோழர் காலச் செப்புத் திருமேனியின் அருகே ஒரு சிறு அட்டை இருக்கும். நாடு, நூற்றாண்டு, உலோகம், உயரம், அதனை வாங்கிக் கொடுத்த செல்வரின் பெயர் ஆகிய யாவும் அதிற் காணலாம். மெழுகிலே அதனைச் சமைத்து நெருப்பிலே பெற்றெடுத்தவன் யாரென்ற கேள்விக்கு மட்டும் அங்கே விடை இராது.

இக்குறைக்கு மேனாட்டாரை மாத்திரம் நோவதில் பயனில்லை. குறை நம் வீட்டிலேயே தொடங்கியது. தஞ்சைப் பெரிய கோயில் 1010ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்றது. அதன் கல்வெட்டுகள் ஒரு பெரிய அலுவலகத்தின் பேரேட்டை ஒத்தவை. ஆடல் மகளிர் நானூற்றுவரின் பெயரும், அவர் குடியிருந்த தெருவும் வீடும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. செப்புத் திருமேனிகள் ஒவ்வொன்றும் எத்தனை முழம், எத்தனை விரல் உயரம், எத்தனை கைகள் உடையது, யார் கொடுத்தது என்பனவும் எழுதப்பட்டுள்ளன. கோயிலைக் கட்டிய பெருந்தச்சனான குஞ்சரமல்லன் பெயர்கூடக் கல்லில் இடம்பெற்றது. ஆயினும் அத்திருமேனிகளை வார்த்த கைகள் எவருடையவை என்பது இல்லை. கொடுத்தவன் பெயர் நின்றது. செய்தவன் பெயர் கரைந்தது.

அவன் செய்த வேலைதான் எத்தகையது? அதனை இன்றும் கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் காணலாம். தென்னை ஓலையின் நறுக்கொன்றை எடுத்து, படிமத்தின் உயரத்துக்கு அளந்து, மடித்து மடித்து அங்கங்களுக்கு அளவு காண்கின்றனர். உத்தம தச தாளம் என்னும் அளவில் உருவம் 124 கூறுகளாகப் பகுக்கப்படும். தேன்மெழுகுடன் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அம்மெழுகில் விரல் நுனியும் முகவாயின் நெளிவும் தோன்ற உருவம் சமைப்பர். அதன்மேல் காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசி, உலர்ந்தபின் பருமண் அப்பி, இரும்புக் கம்பியால் கட்டுவர். பின்னர் அனலில் இட, மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். மெழுகு நின்ற வெற்றிடத்தில் செம்பு முதலிய உலோகங்களை உருக்கி வார்ப்பர். ஆறியதும் மண் அச்சை உடைத்தாக வேண்டும். ஓர் அச்சு, ஓர் உருவம். காற்றுக் குமிழி ஒன்று உள்ளே தங்கினாலும் பல வார உழைப்பு பாழ். பிழைத்து வந்தபின் உளி கொண்டு செதுக்கும் வேலை இன்னும் பல நாள்.

இத்தனையும் செய்தவன் இறுதியில் கண் திறந்து, திருமேனியைக் கோயிலாரிடம் ஒப்புவிக்கிறான். பிரதிட்டை முடிந்த மறுகணமே அவன் அந்நியன். ஆகம விதி என்னும் பெயரால் கருவறை வாயில் அவனுக்கு அடைபடுகிறது. தன் விரல்கள் தடவித் தடவி உருவாக்கிய பாதத்தை அவன் பின்னர் தொடுதல் ஆகாதாம்! கடவுளைச் சமைத்த கையால் தீட்டு உண்டாகுமெனில், அத்தீட்டு அக்கடவுளின் உடலெங்கும் முன்னரே படிந்துள்ளதன்றோ? பகுத்தறிவுள்ளோர் விடை கூறுக.

நிற்க. சிவபுரத்து நடராசரின் வரலாறு இங்கே கருதத் தக்கது. தஞ்சை வட்டாரத்துச் சிவபுரத்தில் 1951இல் நிலத்தை வெட்டுகையில் செப்புத் திருமேனிகள் சில கிடைத்தன. 1954இல் பழுது பார்ப்பதற்கென அவை ஒரு சிற்பியிடம் ஒப்புவிக்கப்பட்டன. வணிகர் தூண்டுதலால் அச்சிற்பி அச்சொட்டாகப் போலிகள் வார்த்துக் கோயிலுக்கு அளித்தார். மூலங்கள் கைமாறிக் கடல் கடந்தன. ஊரார் போலியையே பல்லாண்டு வழிபட்டனர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சார்ந்த டக்ளஸ் பாரெட் என்னும் அறிஞர் 1965இல் வெளியிட்ட நூலில், மூலம் தனியார் கையில் இருப்பதைச் சுட்டிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. 1973இல் நார்ட்டன் சைமன் என்னும் அமெரிக்கச் செல்வர் அந்நடராசரை 9 இலட்சம் டாலருக்கு வாங்கினார். வழக்கும் உடன்படிக்கையும் நிகழ்ந்து, 1986இல் அது தாயகம் திரும்பியது.

களவு களவே, அதற்கு உடந்தையான கையை நான் போற்றவில்லை. ஆயினும் இந்நிகழ்ச்சி ஒரு வினாவை எழுப்புகிறது. கலை மாண்டுவிட்டது, பழையன போல் இனி எவராலும் செய்ய இயலாது என்று கூறியே பழம்பொருள் வணிகர் விலையை ஏற்றுகின்றனர். அவர் கூற்று மெய்யாயின், நம் காலத்துச் சிற்பி ஒருவர் வார்த்த உருவம் நாள்தோறும் அதன் முன் நின்றவர் கண்ணையும் மயக்கியது எங்ஙனம்? கலை மாளவில்லை. மாண்டது கலைஞனுக்கு உரிய மதிப்பே. அம்மதிப்பும் நேரிய கூலியும் அவனுக்கு முன்னமே கிடைத்திருப்பின், களவு வணிகன் அவன் பட்டறை வாயிலில் அத்துணைத் துணிவுடன் நின்றிருப்பானா?

பத்தூர் நடராசரின் கதையும் அத்தகையதே. 1976இல் மண் வெட்டிய ஓர் ஏழைக் கூலியாளுக்குத் தட்டுப்பட்ட அத்திருமேனி, அவனிடமிருந்து அற்ப விலைக்குப் போயிற்று. 1982இல் கானடா நாட்டுக் கம்பெனி ஒன்று அதனை இரண்டரை இலட்சம் பவுனுக்கு வாங்கியது. இலண்டன் நீதிமன்றம் 1988இல் தீர்ப்பளிக்க, 1991இல் அது தமிழகம் வந்தது. பாழடைந்த கோயிலையும் ஒரு வழக்காளியாக ஏற்றுக்கொண்டது ஆங்கிலேய நீதிமன்றம். கல்லுக்கும் செம்புக்கும் உரிமை பேச வழக்கறிஞர் இருந்தனர். வார்த்தவனுக்காகப் பேச எவருமில்லை.

இவையெல்லாம் கடலுக்கு அப்பாற்பட்ட செய்திகள் என்று நம்மவர் எண்ணற்க. ரஹாங் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கெழுதுபவன் நான். லயன் வீடுகளைக் காலி செய்ய வேண்டிய நிலை வந்த காலத்தில், பழம்பொருள் வாங்குவோர் ஒருவர் தராசுடன் அங்கே வந்தார். எண்பது வயதைக் கடந்த பாட்டி ஒருவர், தம் தாயார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிய நாளில் உடன் கொண்டுவந்த பித்தளைக் குத்துவிளக்கை வெளியே எடுத்து வைத்தார். “தம்பி, அடியிலே ஏதோ எழுத்து இருக்கிறது, வாசித்துச் சொல்லு” என்றார். அவருடைய தாயாரின் பெயரெழுத்துகள் அவை. நம் பெண்டிர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது பழைய வழக்கந்தானே! “எழுத்து இருந்தால் விலை குறையும், பாட்டி, அராவி எடுக்க எனக்குக் கூலி ஆகும்” என்றார் வந்தவர். புது வீட்டு முன்பணத்துக்காகப் பாட்டி அதனைப் பழம்பித்தளை நிறைவிலைக்கே கொடுத்துவிட்டார். பின்னர் மலாக்காவில் ஒரு கடையில் அதைப் போன்ற விளக்கொன்றைப் பன்மடங்கு விலையில் கண்டேன். அதே விளக்கோ அன்றோ, துணிந்து கூறேன். அதன் அடிப்பகுதி மழமழவென்று அராவப்பட்டிருந்தது.

கும்பகோணத்தருகே நாச்சியார்கோயிலில் அத்தகைய விளக்குகளை வார்க்கும் கம்மாளக் குடும்பங்கள் இன்றும் உள. அடி, தண்டு, அகல், முகை எனத் தனித்தனியே வார்த்து, கடைந்து, திருகிப் பொருத்துவர். வார்த்தவன் பெயரை விளக்கு முதற்கண்ணே இழந்திருந்தது. அராவியபோது ஏற்றியவள் பெயரையும் இழந்தது. இரு பெயரும் அற்றபின்னரே அது ‘பழம்பொருள்’ என்னும் பட்டம் பெறுகிறது போலும்!

நாள்தோறும் விடியற்காலைப் பெரட்டில் பெயர் அழைத்து, செக்ரோலில் பதிவது என் தொழில். ஒரு பெயர் விடுபட்டால் அன்றைய கூலி விடுபடும் என்பதை நான் நன்கறிவேன். பெயர் பதிவது வெறும் மரியாதையன்று. அது உரிமையின் முதற்படி. பால் வெட்டியவர் பெயரைத் தோட்டத்துப் பேரேடு தாங்குகையில், செம்பு வார்த்தவர் பெயரை நம் சமூகத்தின் பேரேடு ஏன் தாங்கலாகாது?

ஆதலின், அன்பர்களே, ஒரு சிறு வேண்டுகோள். கோயிற் பணிக்கென ஊரிலிருந்து திருமேனியோ விளக்கோ தருவிக்கும் நிருவாகத்தார், உபயகாரர் பெயரைப் பலகையில் பொறிக்கும்போது வார்த்தவர் பெயரையும் ஊரையும் உடன் பொறிக்க. இல்லத்தில் பழைய பித்தளை வைத்திருப்போர், அது எவர் கொணர்ந்தது, எக்கப்பலில் வந்தது, அடியில் என்ன எழுத்து உள்ளது என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுக்க. விற்க நேரின் விற்க. வறுமைக்கு எவரும் வெட்கவேண்டுவதில்லை. ஆனால் தராசு வருமுன் எழுதுகோல் வரட்டும்.