பால் வெட்டியவர்களுக்கு ஒரு மெத்தை



புரட்டாசி சனிக்கிழமைகள் முடிந்தால் எங்க தொண்டூழியர் வாட்ஸ்அப் குழுவில் படங்கள்தான் வந்து குவியும். இந்த வருஷம் படங்களைவிட முதுகுவலிப் புலம்பல்தான் அதிகம். கிள்ளான் பெருமாள் கோயிலில் விடியற்காலையிலேயே வந்து வரிசை ஒழுங்கு பார்த்து, அன்னதானத்துக்கு அண்டா தூக்கினவங்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவங்க. அவர்களில் பலருக்கும் ஒரே சந்தேகம்: "பிள்ளைங்க லேட்டக்ஸ் மெத்தை வாங்கித் தர்றேங்கிறாங்க. எதைப் பார்த்து வாங்குறது?" அதனால் எங்களில் சிலர் அவங்களோடு கிள்ளான், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கமிருந்த சில கடைகளுக்குப் போய் வந்தோம். பார்த்ததையும் படித்ததையும் இங்கே எழுதுகிறோம்.

லேட்டக்ஸ் என்பது வேறொன்றுமில்லை, நம்ம பால்மரத்துப் பால்தான். 1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகு நடந்தது நம்ம தாத்தா பாட்டி கதை. விடிவதற்குள் பிரட்டுக்கு நின்று, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று ஓடி ஓடி வெட்டி, மங்கு மங்காக எடுத்து வாளியில் சேர்த்தார்கள். அதே பாலைக் கெட்டுப்போகாமல் அமோனியா கலந்து, கெட்டியாக்கி, நுரை வர அடித்து, அச்சில் ஊற்றிச் சூடாக்கினால் மெத்தை. இது 1929-இல் இங்கிலாந்தில் டன்லப் கம்பெனியில் கண்டுபிடித்த முறை. மெத்தையில் தெரியும் ஓட்டைகள் அச்சிலுள்ள கம்பிகளால் வருபவை. தலாலே என்று இன்னொரு முறை உண்டு. அதில் காற்றை உறிஞ்சி, உறைய வைத்து, பிறகு சூடாக்குகிறார்கள். பொதுவாக டன்லப் முறை மெத்தை கொஞ்சம் அழுத்தமாகவும், தலாலே கொஞ்சம் இளக்கமாகவும் இருக்கும்.

எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். கடையில் மெத்தையை அமுக்கி, முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒட்டுப்பால் நாத்தத்தையே காணோமே"ன்னார். விற்பனையாளர் முழித்தார்!

அவருக்கு மகன் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது இருப்பதிலேயே கெட்டியான மெத்தை. முதுகுவலிக்குக் கெட்டியானதுதான் நல்லது என்று கடையிலும் சொன்னார்கள். நம்மவர்களிடம் ஊறிப்போன நம்பிக்கை இது. ஆனால் ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2003-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. அதில் ரொம்பக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. ஐயா ஒருக்களித்துப் படுப்பவர், உடம்பும் ஒல்லி. கெட்டி மெத்தையில் தோளும் இடுப்பெலும்பும் அழுந்தாமல் மேலேயே நின்றன. இடையில் இடுப்பு அந்தரத்தில் தொங்கியது. நடுத்தரத்தில் படுத்ததும் முதுகுத்தண்டு நேராக வந்தது. அவர் மனைவிக்கோ உடம்பு கனம், மல்லாந்து படுப்பவங்க. அதே மெத்தையில் பாட்டிக்கு இடுப்பு பள்ளத்தில் இறங்கியது. கடைசியில் ஒரே கட்டிலில் இரண்டு ஒற்றை மெத்தை, ஆளுக்கொரு அழுத்தம் என்று முடிவானது. குப்புறப் படுப்பவர்களுக்கும் கொஞ்சம் அழுத்தமானதுதான் தேவை, இல்லாவிட்டால் வயிறு அமுங்கி முதுகு வளையும்.

ஆகவே யார் படுக்கப்போகிறார்களோ அவர்களையே கடைக்குக் கூட்டிப் போங்க. பிறந்தநாளுக்கு திடீர்னு வாங்கி வந்து இறக்கும் பொருள் இல்லை இது. வீட்டுத் தலையணையையும் எடுத்துப்போய், தூங்கும் வாகிலேயே பதினைந்து நிமிஷமாவது படுக்கச் சொல்லுங்க. கூச்சப்பட வேண்டாம், ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுக்கிறோம். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுசாகப் படிய வேண்டும். முட்டிவலி உள்ளவர்களுக்கு இது முக்கியம். உறையின் ஜிப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்க. சில மெத்தைகளில் மேலே மெல்லிசாக ஒரு லேட்டக்ஸ் அடுக்கு, கீழே எல்லாம் சாதாரணப் பஞ்சு நுரை. முழுக்க இயற்கைப் பாலா, செயற்கை ரப்பர் கலந்ததா என்றும் கேளுங்க. ரப்பர் கையுறை போட்டால் அரிப்பு எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

பெரியவங்க பலர், "கோயில் தொண்டு செய்யறவனுக்கு எதுக்குப்பா மெத்தை, பாய் போதும்"னு சொல்றாங்க. பெருமாளே ஆதிசேஷன் மேல்தான் சயனிக்கிறார்! பாயில் சுகமாகத் தூங்கி எழுந்திருப்பவர்களை நாங்கள் மாற்றச் சொல்லவில்லை. தரையிலிருந்து எழும்பவே சுவரைப் பிடிப்பவர்களுக்குத்தான் சொல்கிறோம்.

வாங்கியபின் ஒரு விஷயம். இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டிய பழக்கத்தில் இதையும் வெளியே போட்டுவிடாதீங்க. வெயில் பட்டால் ரப்பர் காய்ந்து பொடியும். நம்ம ஊர் ஈரத்துக்கு சிமெண்டுத் தரையில் நேராகப் போட்டாலும் அடியில் பூஞ்சை பிடிக்கும். இடைவெளி விட்ட பலகைக் கட்டில் நல்லது. உறையை மட்டும் கழற்றித் துவைத்தால் போதும்.

கடைக்குப் போக நினைக்கும் பெரியவங்க குழுவில் ஒரு வார்த்தை போடுங்க. எங்களில் ஒருவர் கூட வருவோம், கார் இல்லாதவங்களை வீட்டிலேயே வந்து ஏற்றிக்கொள்கிறோம்.