திருப்பிச் செய்ய முடியாத மொய்

கீரமங்கலத்தில் பூக்கமிஷன் கடைகளெல்லாம் அடைத்த பிறகு, ராத்திரி ஒன்பதரைக்கு வேன் கிளம்பியது. பதினோரு பேர். பின்சீட்டில் ஒரு சாக்குத் தேங்காய், இரண்டு பலாப்பழம், ஈரத்துணியில் சுற்றிய இரண்டு கிலோ முல்லைப்பூ. யாரிடமும் பாட்டில் இல்லை. எங்கள் ஊர் வேன் பயணத்தில் அது அதிசயம். "ரத்தம் குடுக்கப் போறவன் ஒரு சொட்டு தொட்டாலும் நடுவழியில எறக்கி விட்டுருவேன்" என்று டீக்கடை மாமா முன்சீட்டில் ஏறும்போதே சொல்லிவிட்டார்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இருபது நாளாகப் படுத்திருந்தான் நண்பன். பல் துலக்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவில்லை என்றுதான் ஆரம்பித்தது. காய்ச்சல் வந்தது, தொடையில் நீலம் நீலமாகத் திட்டு விழுந்தது. ஒரே வாரத்தில் ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். பூச்சந்தையில் காலை நான்கு மணிக்கே தராசு பிடித்து நிற்கிறவன், வாழ்க்கையில் முதல் முறையாக இத்தனை நாள் சேர்ந்தாற்போல் ஊரை விட்டு வெளியே இருந்தான்.

எங்கள் பக்கத்தில் ஒருவனுக்குக் கஷ்டம் என்றால் ஊருக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. ஆடி, ஆவணி வந்துவிட்டால் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் மொய் விருந்து களைகட்டும். பத்திரிகை அடித்து, கிடாய் வெட்டி, பந்தி போட்டு, சாப்பிட்டவர்கள் கொடுப்பதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. அவர்கள் விருந்து வைக்கும்போது வாங்கியதைத் திருப்பிச் செய்து, மேலே கொஞ்சம் புதுசாகவும் போட வேண்டும். கல்யாணம், வீடு, ஆழ்குழாய்க் கிணறு என்று எத்தனையோ இந்த நோட்டுகளால் எழுந்தவை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தபோது வாங்கிய மொய்யைத் திருப்ப முடியாமல் எத்தனையோ பேர் தலைகுனிந்து நின்றார்கள். திருப்பாத மொய் என்பது எங்கள் ஊரில் அவ்வளவு பெரிய அவமானம்.

நண்பன் இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் விருந்து வைத்திருந்தான். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் முறை. ஆனாலும் விருந்தே இல்லாமல் மொய் பிடிப்பது என்று டீக்கடையில் முடிவானது. போனில் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "மருந்துச் செலவு பெரும்பாலும் காப்பீட்டுல வந்துரும் மாப்ள. இன்னொரு நோட்டைத் தொறந்தா அதை யாரு அடைக்கிறது? காசு வேணாம். பிளேட்லெட் வேணும்."

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. ஆனால் அறை வாடகை, அரிசி, போக்குவரத்து எதுவும் அதில் வராது. ரத்தத்தைத் தேடிக்கொண்டு வருவதும் வராது.

பட்டுக்கோட்டை, மன்னார்குடி, கும்பகோணம் தாண்டி அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்தபோது நள்ளிரவைத் தாண்டியிருந்தது. சேத்தியாத்தோப்புக்குப் பிறகு பேச்சு அடங்கியது. வடலூர் வந்ததும் டீக்கடை மாமா இருட்டைப் பார்த்துக் கும்பிட்டார். 1867-ல் வள்ளலார் அங்கே மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. "ஒருத்தர் போனா இன்னொருத்தர் வெறகு வைக்கிறாங்கல்ல, அதான்" என்றார். தூக்கக் கலக்கத்தில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. எனக்குத் தலை விண்விண்ணென்று வலித்தது. டிரைவரிடம் ஒரு தலைவலி மாத்திரை வாங்கி விழுங்கினேன்.

விடியும்போது அடையாறு. மருத்துவமனை வாசலில் அந்த நேரத்திலேயே கூட்டம். தூக்குச்சட்டி, பிளாஸ்டிக் கூடை, எக்ஸ்ரே கவர், தமிழோடு தெலுங்கு, இந்தி. இந்த இடத்துக்கும் எங்கள் மண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. இதைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பலரிடமும் நன்கொடை திரட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு இதைத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் இறக்கும்வரை இந்த இடத்தை விட்டுப் போகவில்லை. வேனில் வந்தவர்களிடம் இதைச் சொன்னபோது டீக்கடை மாமா ஒன்றுதான் கேட்டார்: "அப்ப இதுவே மொய் போட்டுக் கட்டுனதுதானா?"

உள்ளே போனதும் நாங்கள் சுமந்து வந்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. கீமோவில் அவனுடைய வெள்ளணுக்கள் அடியோடு இறங்கியிருந்தன. வேகவைக்காத எதுவும் ஆகாது, பலாப்பழம் ஆகாது. பூ கூடவே கூடாது, அதில் இருக்கும் கிருமி போதும். பதினோரு பேரில் ஒருவர் மட்டும், முகக்கவசத்தோடு, தள்ளி நின்று பார்க்கலாம். போனது நான். மொட்டைத் தலையோடு பள்ளிக்கூட நாள் முகம் திரும்பியிருந்தது. "பூ என்ன வெல மாப்ள?" என்றான். சொன்னேன். "ஏமாத்துறாய்ங்க" என்றான். அவ்வளவுதான் பேசினோம்.

ரத்த வங்கியில் இருந்த பெண்மணி எங்கள் கூட்டத்தைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டை எடுத்தார். "எல்லாரும் ஒரே நாள்ல வந்துட்டீங்களேண்ணா." பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் ஐந்து நாளைக்கு மேல் தாங்காது, அதுவும் ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில், 20 முதல் 24 டிகிரி சூட்டில். இன்று பத்துப் பேர் கொடுத்தால் அடுத்த வாரம் வெறும் கைதான். ஆரோக்கியமானவருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை அவனுக்குப் பத்தாயிரத்துக்குக் கீழே போய்ப்போய் வந்தது. எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. "வாரத்துக்கு ரெண்டு ரெண்டு பேரா வாங்க. முறை வச்சுக்கோங்க."

முறை என்ற சொல் எங்களுக்கு உடனே புரிந்தது. பம்புசெட்டுப் பங்காளிகள் தண்ணீர் பாய்ச்சுவது முறை வைத்துத்தான். மொய் விருந்து ஒரு பகலில் முடிந்துவிடும், கூட்டம் பெருகப் பெருக நல்லது. இங்கே கூட்டம் உதவாது. ஆள் விட்டு ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும். நாங்கள் நல்ல மனதோடு தப்பான கணக்கில் வந்திருந்தோம்.

அன்றைக்குப் பி பாசிட்டிவ் இரண்டு பேரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கையில் இருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போகிறது. அது தட்டணுக்களைப் பிரித்துக்கொண்டு மிச்சத்தை உடம்புக்கே திருப்பி அனுப்புகிறது. ஒன்றரை மணி நேரம் போல ஆனது. நடுவில் உதடு மரத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், அதற்குக் கால்சியம் மாத்திரை. எழுந்து வந்தவன், "மொத்தமும் எடுத்துட்டு முக்காவாசி திருப்பிக் குடுக்குது, நல்ல மொய்டா இது" என்றான்.

மூன்றாவதாக நான் பேர் கொடுத்தேன். எடை, ரத்த அழுத்தம், நரம்பு எல்லாம் சரி. "மூணு நாளைக்குள்ள ஏதாச்சும் மாத்திரை போட்டீங்களா?" வேனில் போட்டது ஆஸ்பிரின் கலந்தது. அது தட்டணுக்களின் ஒட்டும் தன்மையைக் கெடுத்துவிடுமாம். எட்டு மணி நேரம் பயணம் செய்து வந்து, ஒரு தலைவலியால் வெளியே நின்றேன்.

மருத்துவமனைக்குப் பக்கத்துச் சந்தில் நண்பனின் மனைவி ஒற்றை அறை எடுத்திருந்தாள். தேங்காயை அங்கே இறக்கினோம். அவள் சோர்ந்து கிடந்ததால் அன்று அடுப்பை நான் பிடித்தேன். தேங்காய்த் துவையல், ரசம். வராந்தாவில் இருந்த மற்ற குடும்பங்களுக்கும் பலாச்சுளை போனது. முல்லைப்பூவை அந்தப் பெண்கள் உட்கார்ந்து தொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு முழம். நோயாளியோடு வந்த நாளிலிருந்து பூவே வைக்கவில்லை என்று ஒரு தெலுங்குக்கார அம்மாள் சைகையில் சொன்னார்.

கிளம்பும்போது நண்பனின் மனைவி ஒரு நாற்பது பக்க நோட்டைக் காட்டினாள். மொய் நோட்டு மாதிரியே கோடு போட்டு, ஊர், பேர், தேதி. தொகை எழுதும் இடத்தில் "பிளேட்லெட் 1", "ரெண்டு ராத்திரி துணைக்கு". என் பேருக்கு நேரே "ரசம்". "அவுக எழுதச் சொன்னாகண்ணே. திருப்பிச் செய்யணுமாம்."

அதற்குப் பிறகு ஊரில் முறை வைத்தோம். வியாழன், ஞாயிறு ராத்திரி பஸ்ஸில் இரண்டிரண்டு பேர். அறுவடை நேரத்தில் இரண்டு முறை தவறியது. அப்போது அந்த வராந்தாக் குடும்பங்களில் ஒருவரின் தம்பி போய்க் கொடுத்தார்.

நண்பன் இப்போது ஊரில் இருக்கிறான். பரிசோதனைக்கு மட்டும் சென்னை போய் வருகிறான். ஒன்றுதான் அவனை உறுத்தியது. ரத்தப் புற்றுநோய் வந்தவன் இனி ஆயுளுக்கும் யாருக்கும் ரத்தம் கொடுக்க முடியாது. நோட்டில் இருப்பதை எதைக் கொண்டும் அடைக்க முடியாது. கொஞ்ச நாள் யாரிடமும் பேசாமல் இருந்தான். அப்புறம் புதிதாக ஒரு நோட்டு போட்டான். வட்டாரத்தில் யார் யாருக்கு என்ன ரத்தப் பிரிவு, கடைசியாகக் கொடுத்த தேதி, எந்தப் பஸ்ஸில் ஏற்றலாம்.

போன வாரம் ராத்திரி பத்து மணிக்குப் போன் அடித்தது. சென்னையில் யாரோ ஒரு பையனாம், எங்களுக்குத் தெரியாத ஊர்.

"மாப்ள, நாளைக்கு உன் முறை. மூணு நாளா மாத்திரை எதுவும் போடலையே?"