மைனா எச்சம்

"மைனா எச்சம் போட்டிருக்கு பாரு, தொடைச்சு விடு" என்றார் அத்தை. எங்கள் வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் இருப்பது ஒரே ஓர் எலுமிச்சைத் தொட்டி. ஈரத்துணியோடு போனேன். எச்சம் நகர்ந்தது.

எண்ணிப் பார்த்தால் ஐந்து. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். சிறிதாக இருக்கும்போது எச்சம் போல வேஷம். கடைசியாகத் தோலுரித்ததும் இலைப்பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் கொம்பு இரண்டாகப் பிரிந்து நீளும், கூடவே ஒரு நாற்றம். ஒரே வாரத்தில் செடி குச்சியாகிவிட்டது. "ஊறுகாய்க்கு வெச்ச செடி" என்று அத்தைக்கு வருத்தம்.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். இந்தப் பூச்சி அதிலும் முட்டையிடும். தேக்காவில் ஒரு கட்டு வாங்கி, அலசி உதறி, பாதியைப் புழுக்களுக்குப் போட்டேன். மீதி ரசத்துக்கு.

மூன்று தின்றன. இரண்டு வாயே வைக்கவில்லை. அவற்றைச் செடியில் மிஞ்சிய கொழுந்துக்கே திருப்பி விட்டேன். மறுநாள் காலை, தின்ற மூன்றும் கறுத்துச் சுருங்கிக் கிடந்தன.

"மருந்து அடிச்ச இலையா இருக்கும்" என்றார் அத்தை, மெதுவாக.

முந்தின ராத்திரி ரசத்தை ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்திருந்தோம்.

மிஞ்சிய இரண்டில் ஒன்று எங்கோ போய்விட்டது. மற்றது இடுப்பில் நூல் கட்டி, பனையேறி போலச் சாய்ந்து, கூட்டுப்புழுவானது. அது பறந்த அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன், அத்தைதான் பார்த்தார். வெறும் கூடு இன்னும் குச்சியில் இருக்கிறது. பக்கத்தில் புதிதாக ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. எச்சம் எதுவும் தெரிந்தால் அவரைக் கேட்காமல் துடைக்கக் கூடாதாம்.