டிவிடெண்ட் எங்கே போகிறது?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பணக் கணக்கு என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

பாலக்கோடு பக்கம் இருந்த மாந்தோப்பில் தன் பங்கை விற்றதில் என் தங்கைக்குப் பத்து லட்சம் கிடைத்தது. வயது 62. கணவர் இல்லை. தோப்பு இருந்தவரை குத்தகைப் பணம் வருஷா வருஷம் வந்துவிடும். இப்போது அந்த வரத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். ஓசூரில் வேலை பார்க்கும் அவள் மகன், "அம்மா பேர்ல மொத்தத்தையும் இடிஎஃப்-ல போட்டுடலாம் மாமா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை டிவிடெண்ட் வந்துடும்" என்றான். பையன் விவரமானவன்தான். ஆனால் அவன் பார்த்த வீடியோக்கள் எல்லாம் அமெரிக்காவைப் பற்றியவை.

அங்கே 1993-ல் ஆரம்பித்த எஸ்பிஒய் என்ற இடிஎஃப் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிவிடெண்ட் கொடுக்கிறது. தனக்கு வந்த வருமானத்தில் குறைந்தது 90 சதவீதத்தைப் பிரித்துக் கொடுத்தால்தான் அங்கே ஃபண்டுக்கு வரிச்சலுகை. நம் நாட்டில் அப்படிக் கட்டாயம் இல்லை.

நம் நாட்டின் முதல் இடிஎஃப் நிஃப்டி பீஸ். 2001 டிசம்பரில் பெஞ்ச்மார்க் என்ற நிறுவனம் தொடங்கியது. பிறகு கோல்ட்மேன் சாக்ஸ், ரிலையன்ஸ் என்று கைமாறி இன்று நிப்பான் இந்தியாவிடம் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் அதுவும் டிவிடெண்ட் கொடுத்தது உண்டு. பின்னால் அது நின்றுவிட்டது. அப்படியானால் ஐம்பது கம்பெனிகளும் கொடுக்கும் டிவிடெண்ட் எங்கே போகிறது? ஃபண்டுக்குள்ளேயே திரும்பப் பங்குகளாகிவிடுகிறது. ஆட்டுக்குட்டிகளை விற்றால் கையில் காசு, பட்டி அதே அளவு. விற்காமல் விட்டால் பட்டி பெருகும். அவ்வளவுதான் விஷயம்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு யூனிட் நிஃப்டியில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான் அந்த ஃபண்ட் தொடங்கியது. 2019 டிசம்பரில் ஒரு யூனிட்டைப் பத்தாகப் பிரித்தார்கள். ஆக இன்று நூறில் ஒரு பங்கு இருக்க வேண்டும். ஆனால் 2024-ல் நிஃப்டி 24,000 இருந்தபோது யூனிட் விலை 240 அல்ல, 260-க்கும் மேல்! அந்த மிச்சம்தான் உள்ளே தங்கிய டிவிடெண்ட், ஃபண்டின் செலவு போக. எனக்கு இந்தக் கழித்தல் கணக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

சரி, அது கைக்கே வந்தாலும் எவ்வளவு வரும்? நிஃப்டியின் டிவிடெண்ட் விகிதம் சமீப ஆண்டுகளில் ஒன்றேகால் சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. பத்து லட்சத்துக்கு வருஷம் 12,500 ரூபாய். மாதம் ஆயிரத்துச் சொச்சம். தங்கை கேட்டுவிட்டு, "மாத்திரைக்கே பத்தாதேண்ணா" என்றாள்.

"அப்ப டிவிடெண்ட் கொடுக்கிற மியூச்சுவல் ஃபண்டா பார்க்கலாம் மாமா" என்றான் பையன். அந்த 'டிவிடெண்ட்' என்ற பெயரையே 2021 ஏப்ரல் முதல் செபி மாற்ற வைத்துவிட்டது. புதுப்பெயரில் 'மூலதனத்தை எடுப்பது' என்ற பொருளும் சேர்ந்திருக்கிறது. நியாயமான பெயர்தான். ஐந்து ரூபாய் கொடுத்தால் யூனிட் மதிப்பில் ஐந்து ரூபாய் குறையும். 2020 ஏப்ரலில் இருந்து, கைக்கு வரும் டிவிடெண்டை நம் வருமானத்தோடு சேர்த்து வரிக்கணக்கும் காட்ட வேண்டும்.

தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 2023 ஏப்ரலில் இருந்து 8.2 சதவீதம். ஏழு லட்சத்தை அதில் போட்டோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 14,350 ரூபாய் வரும். ஐந்து வருஷம் கழித்தும் முதல் ஏழு லட்சமாகவேதான் இருக்கும், விலைவாசி அப்படி நிற்காது. அதனால் மீதி மூன்று லட்சம் நிஃப்டி பீஸில். ஏறும், இறங்கும் என்று இரண்டு தடவை சொன்னேன். "அது பேத்திக்கு. குட்டியை விக்க வேண்டாம்" என்றுவிட்டாள்.

இனி உங்களுக்கு வீட்டுப்பாடம். இன்றைய நிஃப்டி முடிவு விலையை நூறால் வகுங்கள். நிஃப்டி பீஸ் விலையில் இருந்து அதைக் கழியுங்கள். விடையைக் கமெண்டில் எழுதுங்கள். வங்கியில் இருக்கும் என் மாணவர்கள் முந்திக்கொள்ளாமல் மற்றவர்களுக்கும் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.