வேதியியல் தாளும் முன்பணமும்



பன்னிரண்டாம் வகுப்பு அரசுத் தேர்வுகள் மார்ச்சுத் திங்களில் முடிகின்றன. முடிவுகளோ மே மாதத்தில்தான் வெளியாகின்றன. இடைப்பட்ட அந்த வாரங்களில் நம் இல்லங்களில் நிலவும் தவிப்பைப் பெற்றோர் நன்கறிவர். எழுதி முடித்த வினாத்தாளை விரித்து வைத்துக்கொண்டு, "இதற்கு இரண்டு, அதற்கு மூன்று" என்று பிள்ளைகள் கூட்டுவதும், நேற்றுக் கூட்டியது இன்று குறைவதுமாக நாட்கள் கழிகின்றன. கணிதத்தில் விடை சரியா தவறா என்பது ஓரளவு தெளிவாகவே தெரிந்துவிடும். வேதியியலில்தான் ஐயம் மிகுதி. எனவே அந்தத் தாளைச் சுற்றியே அச்சமும் கூடுகிறது.

அவ்வச்சத்திற்கும் ஒரு விலை உண்டு என்பதை வாடிப்பட்டியில் நாம் கண்கூடாகக் கண்டோம். தேர்வு முடிந்த சில நாட்களிலேயே தனியார் கல்லூரிகளுக்கு ஆள் சேர்க்கும் இடைத்தரகர்கள் தெருத்தெருவாக வந்துவிடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன், பெரியாறு கால்வாய்ப் பாசனத்து நெல்லை மூட்டை சுமந்து பிழைக்கும் ஒருவர் நம்மிடம் வந்தார். "சாமி, வேதியியல்ல அறுபதத் தாண்டாதுன்னு புள்ள அழுவுது. இருபத்தைந்தாயிரம் கட்டினா இப்பவே சீட்டு உறுதியாம். அவ அம்மா செயினை வச்சுரலாமுன்னு இருக்கோம்" என்றார். ஒரு நாள் பொறுக்கும்படி சொல்லி, மகளை வினாத்தாளோடு வரச் சொன்னோம்.

நாம் வேதியியல் பயின்றவரல்லோம். குருமடத்தில் கற்ற தத்துவமும் இறையியலும் அணைவுச் சேர்மங்களுக்குள் நம்மை அழைத்துச் செல்லமாட்டா. ஆயினும் மதிப்பெண்ணை அளப்பது வேறொரு கலை. பாடம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அமர்ந்தோம்.

எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. இரண்டு மதிப்பெண் வினாக்கள் ஒன்பதில் ஆறு. மூன்று மதிப்பெண் வினாக்கள் ஒன்பதில் ஆறு. ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து. செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டிற்கு 10. நாம் எழுதிய காலத்தில் ஒரு பாடத்திற்கு 200, மொத்தம் 1200 என்று இருந்தது. இன்று 100உம் 600உமாகச் சுருங்கிவிட்டது. அந்தப் பெரிய எண்களில் ஏதோ ஒரு செல்வச் செழிப்பு தெரிந்தது என்று இன்றும் நமக்குத் தோன்றுவதுண்டு, அது நிற்க.

அப்பெண் பிள்ளை தன் கணக்கில் ஒரு கொடுமை செய்திருந்தாள். முதல் வகை வினையொன்று 99.9 விழுக்காடு நிறைவடைய ஆகும் நேரம், அதன் அரைவாழ்காலத்தைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு என்று நிறுவும் கேள்வி. "எனக்குப் பத்து வரவே இல்லை சாமி" என்று ஐந்து மதிப்பெண்ணையும் அடித்துவிட்டிருந்தாள். ஆசிரியை என்ன எழுதினாள் என்று கேட்டார். வாய்பாடு சரி, 100ஐ 0.1ஆல் வகுத்து மடக்கை மூன்று என்று கண்டதும் சரி, 2.303ஐ மூன்றால் பெருக்கி 6.909 என்று வந்ததும் சரி. அதை 0.693ஆல் வகுக்கும் கடைசி அடியில்தான் கை தவறியிருந்தது. திருத்துவோர் கையில் இருக்கும் விடைக்குறிப்பு ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் பகுத்திருக்கும். ஐந்தும் போய்விடுவதில்லை.

மறுபுறம், அவள் உறுதியென்று எண்ணிய இடத்தில் உறுதியில்லை. ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு (அ), (ஆ) என்ற குறியீட்டையும் விடையையும் சேர்த்தே எழுதவேண்டும். விடை சரியாயிருந்து குறியீடு மாறிப்போனால் மதிப்பெண் பூச்சியம். அவசரத்தில் குறியீடுகளை எப்படி எழுதினாள் என்பது மூன்று வினாக்களில் அவளுக்கே நினைவில்லை.

ஆகவே ஒரே எண்ணைத் தேடுவதை விட்டு, ஒரு தாளில் மூன்று பத்திகள் வரைந்தோம்: உறுதி, ஐயம், இல்லை. உறுதி 47, ஐயம் 16, இல்லை 7 என்று வந்தது. செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து 28க்குக் குறையாது என்று ஆசிரியை கருதினார். அப்படியானால் குறைந்த அளவு 75, மிகுந்த அளவு 91. அறுபது என்று அழுத பிள்ளை சிறிது நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் மதிப்பெண் மட்டும் தெரிந்தால் போதாது, எல்லைக்கோடும் தெரியவேண்டும். 1984 முதல் நடந்த நுழைவுத் தேர்வு 2007இல் நீங்கியபின், பொறியியல் சேர்க்கைக்குக் கணிதம் முழுமையாகவும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகவும் கூட்டப்பட்டு 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. வேதியியலில் 16 மதிப்பெண் ஐயமென்றால் கட்-ஆஃபில் 8 ஐயம். கோடோ, சென்ற ஆண்டு நின்ற இடத்தில் இவ்வாண்டும் நிற்பதில்லை. தாள் எளிதாயின் எல்லோரும் மேலேறுவர், கோடும் மேலேறும். இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. மத்தியக் கல்வி வாரியத்தில் ஏ1 என்னும் தரம் தேர்ச்சி பெற்றோரில் முதல் எட்டிலொரு பங்கினருக்கு உரியது. எத்தனை மதிப்பெண்ணுக்கு அது கிட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. இலங்கையில் 2001 முதல் உயர்தரத் தேர்வின் மதிப்பெண்ணைச் சராசரியோடு ஒப்பிட்டு இசட் மதிப்பாக மாற்றியே பல்கலைக்கழகத்திற்குத் தெரிவு செய்கிறார்கள். இங்கிலாந்தில் 2020இல் பெருந்தொற்றால் தேர்வு நின்றபோது கணினிச் சூத்திரம் ஒன்றால் தரங்களை வகுத்தனர். ஆசிரியர்கள் மதிப்பிட்ட தரங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 39 குறைக்கப்பட்டன. எதிர்ப்பு மூண்டு, நான்கே நாட்களில் சூத்திரம் கைவிடப்பட்டது. தமிழகத்தில் 2021இல் தேர்வின்றி, பத்தாம் வகுப்பிற்கு 50, பதினொன்றாம் வகுப்பிற்கு 20, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைக்கும் அகமதிப்பீட்டிற்கும் 30 என்று பகுத்து மதிப்பெண் வழங்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இடைத்தரகர் தந்தையிடம் காட்டிய தாளில் ஒரு கல்லூரியின் சென்ற ஆண்டுக் கோடு இருந்தது. அது பொதுப்பிரிவின் கோடு. அப்பிள்ளையோ ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்கள் அத்தகையோர்க்கு ஒதுக்கப்பட்டுள்ளன. அவர்களுக்குத் தனி வரிசை, தனிக் கோடு. கலந்தாய்வு வழியே அவ்விடங்களில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டிச் சேர்ந்தால் இவற்றில் ஒன்றும் இல்லை. இருபத்தைந்தாயிரம் என்பது தொடக்கந்தான். நான்கு ஆண்டுக் கட்டணமும் தந்தையின் முதுகில் ஏறும். இதை அந்த இடைத்தரகர் அறியாதவர் என்று நம்புவதற்கு நம்மால் இயலவில்லை.

தந்தை நீண்ட நேரம் பேசவில்லை. "வராமப் போச்சுன்னா?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. 75 வந்தாலும் கலந்தாய்வுக்குப் போகலாம் என்பதையும், நிர்வாக இடங்கள் முடிவு வந்த பின்பும் கிடைக்கும் என்பதையும் ஆசிரியை எடுத்துச் சொன்னார். காத்திருந்தால் இழப்பதற்கு அதிகமில்லை; கட்டினால் இழப்பதற்கு நிறைய இருந்தது. சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும் என்று தாய்தான் முடிவு சொன்னார்.

மே மாதத்தில் வேதியியலில் 81 வந்தது: எழுத்துத் தேர்வில் 53, மற்றவற்றில் 28. ஐயமான பதினாறில் ஆறு கிட்டியிருந்தது. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்துப் பார்த்ததில், ஒரு மதிப்பெண் வினாக்கள் இரண்டில் குறியீடு மாறித்தான் இருந்தது. கடைசி அடி தவறிய அந்தக் கேள்விக்கு மூன்று மதிப்பெண் இட்டிருந்தார்கள். மறுமதிப்பீடு கேட்க இடமில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். அவ்வாண்டே 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் மதுரைக்கு அருகிலேயே இடம் கிடைத்தது. தம்பியும் இப்போது பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான். இடைத்தரகர் அந்த வீட்டுத் தொலைபேசிக்கு மறுபடியும் அழைக்கத் தொடங்கியிருக்கிறாராம்.