கரணையும் கர்னியும்

அப்பா கொத்தனார். அதனாலோ என்னவோ, நொய்டா சைட்டில் எனக்கு இந்தி வந்ததே பூச்சு வேலை வழியாகத்தாங்க. நம்ம கரணை அங்கே கர்னி, தூக்குக்குண்டு சாஹுல், மணியாஸ் கட்டை ரந்தா.

கர்னியால் கலவையை அடிச்சு, மட்டக்கோலால் வழிச்சு, கொஞ்சம் இறுகின பிறகுதான் ரந்தா போடணும். ஈரத்திலேயே தேய்ச்சா சிமென்ட் பால் மேலே வந்து, காய்ந்ததும் மயிரிழை வெடிப்பு விழும்.

ஒருநாள் பீகார் பெரியவர் ஒருத்தர் ரந்தாவோடு சும்மா உட்கார்ந்திருக்கார்னு கான்ட்ராக்டர் அரைநாள் கூலியை வெட்டப் பார்த்தார். நான் சுவரில் விரலை அழுத்திக் காட்டினேன். குழி விழுந்தது.

"இப்ப தேய்ச்சா வெடிக்கும். கொத்திட்டு மறுபடி பூசுற செலவு உங்களுக்குத்தான்."

கூலி தப்பிச்சது. பெரியவர் கேட்டார்: "சாப், இது எந்தக் காலேஜ் படிப்பு?"

"வீட்டுப் படிப்பு, சாச்சா."