சிங்கப் படியில் நெரிசல்

சீகிரியாவில் சிங்கப் பாதங்களுக்கு மேலே போக இரும்புப் படிக்கட்டைத் தவிர வேறு வழியில்லை. ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் அதுதான். கீழே நீர்ப்பூங்காவில் ஊரே வந்து உலாவலாம். உச்சியிலும் இடம் தாராளம். இருந்தும் மணிக்கு எத்தனை பேர் உச்சியைத் தொடலாம் என்பது அந்தப் படியின் கையில்தான் இருக்கிறது. நான் போனது பாடசாலை விடுமுறைக் காலம். முன்னால் ஒரு மாமி மூச்சு வாங்க நின்றார். எங்கள் வரிசை மொத்தமும் நின்றது.

இதையே போர்டும் புல்கர்சனும் 1956இல் தேற்றமாக நிறுவினார்கள். ஒரு வலையமைப்பின் இரு முனைகளுக்கிடையே அனுப்பக்கூடிய உச்ச அளவு, அவற்றைத் துண்டிக்கும் வெட்டுகளில் ஆகக் குறுகியதன் கொள்ளளவுக்குச் சமம். மற்ற இடங்களை எவ்வளவு அகலப்படுத்தினாலும் பயனில்லை. 5ஆம் நூற்றாண்டுக் காசியப்ப மன்னனுக்கு அந்தக் குறுகல்தான் காவல். டிக்கெட் எடுத்து வருகிற நமக்கு அது தலைவலி.

ஆனால் தேற்றம் சொல்வது உச்சவரம்பை மட்டும். ஆட்கள் சீராகவா வருகிறார்கள்? வெயில் ஏறுமுன் ஏறிவிட எல்லோரும் காலையிலேயே முண்டுகிறார்கள். தொலைபேசி அழைப்புகளும் இப்படித்தான் தாறுமாறாக வரும். அதைக் கணக்கில் எடுத்தவர் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் வேலை பார்த்த ஏர்லாங். 1917இல் அவர் வெளியிட்ட சூத்திரத்துக்கு வேண்டியவை மூன்றே: எத்தனை இணைப்புகள், மணிக்கு எத்தனை அழைப்புகள், சராசரியாக எவ்வளவு நேரப் பேச்சு.

பத்து இணைப்புகள் இருக்கின்றன, மணிக்கு 100 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரி மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றில் ஏறக்குறைய இரண்டு அழைப்புகளுக்கு இணைப்புக் கிடைக்காது. அழைப்புகள் 200 ஆனால்? நான்கு என்று மனம் சொல்லும். விடை 21! இதைக் காட்டித்தருகிற சூத்திரத்தை எளிமையானது என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

எளிமைக்காக அவர் விட்டவையும் உண்டு. ஒருவர் அழைப்பதற்கும் மற்றவர் அழைப்பதற்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டார். மலையுச்சியில் அது செல்லாது. மாலைச் சூரியன் சிவந்தால் கைபேசிகளெல்லாம் ஒன்றாக உயரும். இணைப்புக் கிடைக்காதவர் பேசாமல் போய்விடுவார் என்றும் வைத்துக்கொண்டார். நம்மவர்கள் அப்படியா? கிடைக்கும்வரை அழுத்துவார்கள். அதனால் பொறியியலாளர்கள் மறுபடி அழைப்போரையும் சுமையில் கூட்டி, அதே சூத்திரத்தில் திரும்பத் திரும்பப் போட்டு, விடை மாறாமல் நிற்கும்வரை கணக்கிடுகிறார்கள்.